பட்டம் ஏறும் கரையும் கருவாடு காயும் கரையும்

கொட்டாஞ்சேனையில் சுயதொழில் செய்யும் பெண்களுக்கென நடந்த ஒரு பயிற்சி வகுப்பில்தான் அந்த ராத்தாவைச் சந்தித்தேன். யுத்தத்தில் கணவரை இழந்தவர்களும், இடம்பெயர்ந்து வந்த இடத்திலேயே தங்கிவிட்டவர்களுமாக முப்பது பேர் வரையில் இருந்தோம். ஒவ்வொருவரும் தமது தொழிலையும் அதிலுள்ள கஷ்டத்தையும் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். கடன் வட்டி, சந்தை விலை, இடைத்தரகர் என்று எல்லோரும் வழமையான கஷ்டங்களைச் சொல்லி முடித்தபின், கற்பிட்டிப் பக்கமிருந்து வந்திருந்த ராத்தா எழும்பினார்.

"எங்கட கஷ்டம் பட்டம். நாங்க கருவாடு காயப்போடுற கரையில வெள்ளைக்காரங்க பட்டம் விடுறாங்க" என்றார்.

சிலர் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கோபப்படவில்லை. வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பெருவிரலின் அடியிலிருந்து சுண்டுவிரல் வரை குறுக்கே ஒரு தழும்பு ஓடியது. பாயின் மேல் விழுந்த பட்டத்தை அப்புறப்படுத்துவதற்காக அதன் நூலைப் பிடித்தாராம். அந்த நேரம் பார்த்துக் காற்று அதை மறுபடி தூக்கியிருக்கிறது.

"வந்து பாருங்க தங்கச்சி, பாத்தாத்தான் விளங்கும்" என்று வகுப்பு முடிந்ததும் சொன்னார். ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போனேன். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதை இங்கே எழுதவில்லை.

புறக்கோட்டையிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வழி கொட்டாஞ்சேனை மக்களுக்குப் புதிதல்ல. ஆகஸ்ட் மாதத்தில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்வருகிறவர்கள்தானே. நீர்கொழும்பு, சிலாபம் எல்லாம் தாண்டி, புத்தளத்துக்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. நடுவே நீளமாக ஓடும் நிலத்துண்டுதான் கற்பிட்டி. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும், கரையோரம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளும் வழியில் தெரியும். காற்று இல்லாத இடத்தில் காற்றாலை நடமாட்டார்கள். பட்டக்காரர்களும் அந்தக் காற்றைத் தேடியே வருகிறார்கள்.

முதலில் இந்த விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். இதைக் கைட் போர்டிங் என்கிறார்கள். காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டியில் பெரிய பட்டமொன்றைக் கொழுவிக்கொண்டு, அது இழுக்கும் பக்கம் தண்ணீரின் மேல் சறுக்கிப் போவது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்குப் பெரிய பட்டம் ஒன்றும் புதினமல்ல. அங்கே ஆள் நிலத்தில் நிற்க, பட்டம் மேலே போகும். இங்கே பட்டம் போகும் இடமெல்லாம் ஆளும் போகவேண்டும். அதுதான் வித்தியாசம். இந்தப் பட்டத்துக்கு ஈர்க்கும் இல்லை, மூங்கிலும் இல்லை. விளிம்பில் காற்றடைத்த குழாய் இருப்பதால் தண்ணீரில் விழுந்தாலும் தாழாது, மறுபடி ஏற்றலாம். பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த லெகேனூ சகோதரர்கள் 1984இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகப் போட்டியாகச் சேர்க்கப்பட்டு மார்செய் கடலில் நடந்தது. பெண்கள் பிரிவில் பிரித்தானியாவின் எலி ஓல்ட்ரிட்ஜ் தங்கம் வென்றார்.

பட்டத்தின் பரப்பு பெரும்பாலும் ஏழு முதல் பதினான்கு சதுர மீற்றர் வரை இருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றின் நிலத்தை அப்படியே தூக்கி வானத்தில் விட்டதாக நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து நான்கு அல்லது ஐந்து நூல்கள் இருபது, இருபத்தைந்து மீற்றர் நீளத்துக்கு இறங்கிவரும். ஒரு ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்கி எறியக்கூடிய இழுவை இந்த மெல்லிய நூல்களில்தான் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். ராத்தாவின் கையை வெட்டியது கத்தி போன்ற ஏதோ நூல் என்று நான் நினைத்திருந்தேன். தொட்டுப் பார்த்தேன், வழுவழுப்பான சாதாரண நூல்தான்.

இப்படியொரு பட்டத்தை எந்தக் கரையில் நின்று ஏற்றுவது? பயிற்சி கொடுக்கும் தம்பி ஒருவர் இதை எனக்கு விளக்கினார். அவரும் கடற்றொழிலாளி ஒருவரின் மகன்தான். "முதுகக் காத்துக்குக் காட்டி நில்லுங்க அக்கா. இப்ப உங்களுக்கு முன்னால என்ன இருக்குதோ, அதுலதான் போய் விழுவீங்க. முன்னால இருக்கிறதப் பாத்துத்தான் இடம் எடுக்கணும்" என்றார்.

இதை வெள்ளவத்தையில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். ஜூலை மாதத்தில் வெள்ளவத்தைக் கடற்கரையில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் கடல் உங்கள் பின்னால் இருக்கும். முன்னால் கருங்கற்கள், அதற்கப்பால் புகையிரதப் பாதை, மரைன் டிரைவ், பிறகு மாடிவீடுகள். பட்டம் ஏறிய கணத்தில் கை தவறினால் ஆள் தண்டவாளத்தில். ஆகவே எவ்வளவு காற்று வீசினாலும் வெள்ளவத்தை உதவாது. கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கும் காற்று இப்படி. கரையிலிருந்து நேரே கடலுக்கு அடிக்கும் காற்றில் முன்னால் எதுவுமே இல்லை; அதுதான் இன்னும் மோசம். நூல் சிக்கினால், காற்று தணிந்தால், திரும்பி வர வழியிருக்காது. கரைக்குப் பக்கவாட்டாக, சற்றே கரையை நோக்கிச் சரிந்து வீசும் காற்றே நல்லது. பிழைத்தால் கொஞ்சத் தூரம் தள்ளி அதே கரைக்கு வந்து சேரலாம்.

கற்பிட்டியில் வருடத்துக்கு இரண்டு காற்று. மே நடுவிலிருந்து ஒக்டோபர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் பலமாக வீசும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வாடை. மேற்கே பார்த்த கடற்கரையில் சோளகம் சரிவாகக் கரையை நோக்கி வருகிறது. அதே கரையில் வாடை முதுகுப்பக்கம் நிலத்திலிருந்து வந்து ஆளைக் கடலுக்குத் தள்ளும். எனவே சோளகத்தில் நல்லதென்று குறித்து வைத்த இடம் வாடையில் நல்லதல்ல. இது கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வள்ளம் இறக்கும் இடத்தையே காற்றுக்கேற்ப மாற்றுகிறவர்கள் அவர்கள்.

மணல் திட்டுகளும் தீவுகளும் இவர்களுக்குப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கற்பிட்டிக்கு வடக்கே டச்சுக் குடா, போர்த்துக்கல் குடாப் பக்கமாக உச்சமுனை, பத்தலங்குண்டு என்று நிலமும் தீவுகளும் வரிசையாகக் கிடக்கின்றன. கடற்பக்கம் அலை அடித்துக்கொண்டிருக்க, மணல் வரம்புக்கு உட்பக்கம் தண்ணீர் தட்டில் வார்த்ததுபோல் கிடக்கும். வரம்பு தாழ்வாகவும் மரமின்றியும் இருந்தால் காற்று தடைப்படாமல் அப்படியே தாண்டி வரும். அலை வராது, காற்று வரும். பழகுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? தென்னந்தோப்புக்குப் பின்னால் நின்றால் இது நடக்காது. மரத்தின் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு தூரத்துக்குக் காற்று குழம்பி, ஒரு கணம் செத்து மறுகணம் அடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. அத்தோடு ஆழத்தையும் பார்ப்பார்கள். இடுப்பளவு தண்ணீர் நல்லது. முழங்காலுக்குக் கீழே என்றால் பலகையின் அடி தட்டும். அடைப்பு வலைக்கு நட்ட கம்புகள் எங்கே, வலை மிதப்புகள் எங்கே, மணலுக்குள் திருக்கை படுத்திருக்குமா, மின்கம்பி எவ்வளவு தூரத்தில் என்றெல்லாம் பார்த்துத்தான் கடைசியில் ஒரு கொடியை நடுவார்கள்.

மன்னார்ச் சகோதரிகளுக்கு இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தலைமன்னாருக்கு அப்பால் ஆதாம் பாலத்து மணல் தீடைகளையும் பட்டக்காரர்கள் தேடிப் போகிறார்கள். ஒரு தீடையின் ஒருபுறம் பாக்கு நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. சோளகத்தில் ஒரு பக்கம் கொந்தளிக்க மறுபக்கம் அடங்கிக் கிடக்கும், வாடையில் மாறிவிடும். ஆனால் 2015 முதல் அது தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களமும் கடற்படையும் சம்மதிக்காமல் போக முடியாது. இந்திய எல்லையும் அந்தத் தீடைகளுக்கு இடையில்தான் இருக்கிறது. அங்கே காற்று அள்ளிக்கொண்டு போனால் சிக்கல் கடலோடு முடியாது. அதே மன்னார்க் காற்றுக்காகத்தான் 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைத் திறந்தார்கள். மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கியதையும் பார்த்தோம். காற்றுக்கு விலை வந்துவிட்டால் கரைக்கும் வந்துவிடுகிறது.

இனி ராத்தாவின் கரைக்கு வருகிறேன்.

அவர் மன்னார்த் தீவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. இடம் தெரிவு செய்வதைப் பற்றி அந்தத் தம்பி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ராத்தா, "நாங்க வந்த அண்டைக்கு இதெல்லாம் பாக்கல்ல. படகு எங்க தட்டிச்சோ அங்க இறங்கினம்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. முகாமில் கிடுகுக் குடிலில் வளர்ந்து, மணமுடித்து, கணவரை இழந்து, இன்று மூன்று பெண்களோடு சேர்ந்து கருவாடு போடுகிறார். கரைவலைக் காலத்தில் நெத்தலியும் சூடையும். சோளகத்தில் கடல் மீன் குறைந்துவிடும். களப்பு மீனும் சிறு இறாலும்தான்.

கருவாட்டுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மரநிழல் இல்லாத திறந்த மணல், தடையில்லாத காற்று, பக்கத்தில் தண்ணீர். பட்டத்துக்கும் இதே மூன்றும்தான் வேண்டும். அதனால் இரு தரப்பும் ஒரே மணலில் வந்து நிற்பது தற்செயல் அல்ல. வெள்ளைக்காரர் வேண்டுமென்றே கருவாட்டுப் பாயைத் தேடி வரவுமில்லை, ராத்தா வீம்புக்காக அங்கே பாய் விரிக்கவுமில்லை.

அந்த மணல் வரம்பு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. நடுவில் வாடிகளும் பாய்களும். பட்டம் ஏற்றும் கொடி வடமுனையில் நடப்பட்டிருந்தது. நான் போனது சோளகத்தில். காற்று தென்மேற்கிலிருந்து பாய்களைத் தாண்டி வடமுனைக்குப் போய், பட்டத்தைக் களப்புப் பக்கமாகத் தள்ளியது. ஒரு பிரச்சினையும் இல்லை. அன்று பகல் முழுக்க ஏழெட்டுப் பட்டங்கள் ஏறி இறங்கின; பாய்ப்பக்கம் ஒன்றும் வரவில்லை. எனக்கே, இதற்காகவா கொழும்பு வரை வந்து முறையிட்டார் என்றிருந்தது.

பிறகு ராத்தா ஒரு ஈர்க்குக் குச்சியை எடுத்து மணலில் கீறிக் காட்டினார். வாடையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். வடமுனையில் ஏற்றும் பட்டம் கை தவறினால் தென்மேற்கே, அதாவது நேராகப் பாய்களின் மேல்தான் வரும். கொடியோ ஜூலையில் நட்ட இடத்திலேயே மாசி மாதத்திலும் நின்றிருக்கிறது. அவருடைய கை வெட்டுப்பட்டது மாசியில். "வாடையில அந்தப் பக்கம் நிண்டு ஏத்தினா எங்கட தலையிலதான் விழும் எண்டு முதல் நாளே சொன்னேன். ஆரு கேட்டாங்க?" என்றார். காற்றைப் படிக்க அவர் எங்கும் படிக்கவில்லை. மணல் பறந்து மீனில் ஒட்டாதிருக்க எந்தப் பக்கம் பாய் விரிப்பது என்று ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் முடிவெடுக்கிறவர் அவர்.

தீர்வும் அந்தக் கீறலிலேயே இருந்தது. சோளகத்தில் வடமுனை, வாடையில் தென்முனை. அப்போது எந்தக் காலத்திலும் பாய்கள் காற்றின் மேல்பக்கத்தில் இருக்கும், பட்டம் அவற்றை விட்டு விலகியே போகும். பயிற்சி கொடுக்கும் தம்பி அதைப் பார்த்துத் தலையாட்டினார். தென்முனைக்கு வீதி இல்லை, பட்டங்களையும் பலகைகளையும் மணலில் சுமந்துகொண்டு போக வேண்டும், வாடையில் முன்னால் கடல் இருப்பதால் ஒரு படகும் தயாராக நிற்க வேண்டும். முதலாளி சம்மதிப்பாரோ தெரியாது என்றார். முதலாளி கொழும்பில் இருக்கிறார். கொடி நட்ட நாளில் அவர் கரையில் கண்டது காலியான மணலை. சோளகத்தில் தொழிலாளர் பலர் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள், வாடிகள் பூட்டிக் கிடக்கும். ஒக்டோபரில் கரைவலை தொடங்கி ஏப்ரல் வரை அந்த இடம் நிரம்பி வழியும் என்பதை ஜூலையில் வருகிறவர் எப்படி அறிவார், யாரையும் கேட்காவிட்டால்?

என் மனதைக் குடைந்தது இன்னொன்று. கரைவலை இழுப்பதற்குக் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. ஹோட்டலுக்கும் பத்திரங்கள் இருக்கின்றன. நடுவில் பாய் விரிக்கும் இந்த நாலு பெண்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. 2000களின் பிற்பாதியில் கற்பிட்டியின் 14 தீவுகளையும் உல்லாசப் பயண வலயமாக்கும் பெரிய திட்டம் பேசப்பட்டபோது, தலைமுறையாகத் தொழில் செய்தவர்களில் பலர் உறுதியில்லாத காரணத்தால் தவித்ததை அந்தப் பகுதியினர் மறக்கவில்லை. கருவாடு காயப்போடுவதை யாரும் ஒரு தொழிலிடமாகக் கணக்கெடுப்பதில்லை. செய்கிறவர்கள் பெண்கள் என்பது அதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இப்படியான கரைகளில் வேலை செய்யும் சகோதரிகள் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. பட்டம் ஏற்றுகிற ஆளுக்கும் பட்டத்துக்கும் நடுவில் ஒருபோதும் நடக்காதீர்கள். தரையில் கிடக்கும் நூலையும் தாண்ட வேண்டாம், அது எந்த நிமிடமும் விறைக்கலாம். பட்டம் உங்கள் பாயில் விழுந்தால், எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் நூலைப் பிடிக்காதீர்கள், கையில் சுற்றவே கூடாது. ஓட்டுகிறவர் தன் இடுப்பிலுள்ள அவசரப் பிடியை விடுவித்தால் பட்டத்தின் பலம் போய்விடும். "விடு, விடு" என்று கத்தினாலே அவருக்கு விளங்கும். பிறகு காற்றடைத்த தடித்த விளிம்பைப் பிடித்து, குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் மண் போட்டால் அடங்கிவிடும். பிள்ளைகளைக் காற்றின் கீழ்ப்பக்கத்தில் விளையாட விடாதீர்கள்.

ராத்தாவின் இளைய மகளுக்குப் பத்தொன்பது வயது. பட்டம் ஏற்றும்போது விளிம்பைப் பிடித்து நிற்கவும், இறங்கும்போது ஏந்திப் பிடிக்கவும் கரையில் ஓர் ஆள் வேண்டும். அதற்கு நாட்கூலி உண்டு. இவள் பார்த்துப் பார்த்தே அதைப் பழகிவிட்டாள். தாய்க்கு விருப்பமில்லை. "அரைக் காற்சட்டையோட நிக்கிற ஆக்களுக்கு நடுவில குமர்ப்பிள்ள நிண்டா ஊர் என்ன சொல்லும்?" என்கிறார். மகளோ, "உம்மா, சமையலுக்குப் போனா மட்டும் ஊர் பேசாதா?" என்று கேட்கிறாள். அறுகம்பேயில் 2018இல் பெண்கள் சேர்ந்து தமக்கென ஒரு அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியதை நான் சொன்னேன். இலங்கையில் பெண்களுக்கென்றே அமைந்த முதல் கழகம் அதுதான். அங்கும் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு எதிர்ப்பு இருந்தது. ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஊரில் இருக்கப்போவது அவர்கள்தானே.

அன்று மாலை, காற்று சற்றுத் தணிந்து பட்டங்களைச் சுருட்டும் நேரத்தில், வாடி நிழலில் இருந்து ஒரு கடிதம் எழுதினோம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில், பிரதேச செயலாளருக்கு. பிரதி கடற்றொழில் பரிசோதகருக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஹோட்டல் முதலாளிக்கும். கரையின் படத்தை மகள் வரைந்தாள். எந்த மாதத்தில் பாய் எங்கே இருக்கும், எந்தக் காற்றில் கொடி எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு நிற மையால் குறித்தோம். வாடை தொடங்கும் முன்னர் கொடியைத் தென்முனைக்கு மாற்றவேண்டும் என்றும், கரைவலை இழுத்து முடியும்வரை எந்தப் பட்டமும் ஏறக்கூடாது என்றும் கேட்டோம். பட்டமே வேண்டாம் என்று எழுதுவோமா என்று ஒரு பெண் கேட்டார். ராத்தா மறுத்துவிட்டார். அந்தப் பெண்ணின் தங்கைதான் ஹோட்டலில் சமைக்கிறாள்.

நால்வரும் ஒப்பமிட்டார்கள். தம்பியும் சாட்சியாக ஒப்பமிட்டார், முதலாளி பார்ப்பார் என்று தெரிந்தும்.

திரும்பும்போது ராத்தா ஒரு பொதி நெத்தலிக் கருவாடு தந்துவிட்டார். பஸ்ஸில் நடத்துனர் மூக்கைச் சுருக்கி அதைப் பின்னால் வைக்கச் சொன்னார். சிலாபம் வரும்போது எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று அவரே வந்து கேட்டார். கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒக்டோபரில் மறுபடி போவதாகச் சொல்லியிருக்கிறேன். கொடி எந்த முனையில் நிற்கிறது என்று அப்போது பார்க்கலாம்.